டோக்கன் நின்றால் படகு நிற்கும்!

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு கடலுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் டீசல் வேண்டும், ஐஸ் வேண்டும், வலை வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னச் சீட்டு வேண்டும். மீன்வளத்துறை தரும் அனுமதி டோக்கன் அது. பாக் நீரிணையில் பலத்த காற்று வீசும் என்று வானிலை ஆய்வு மையம் சொல்லிவிட்டால், அன்றைக்கு டோக்கன் கிடையாது. படகுகள் வரிசையாகக் கரையிலேயே ஆடிக்கொண்டு நிற்கும்.

பார்ப்பதற்குச் சாதாரண ஏற்பாடுதான். ஆனால், இதற்குள் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எச்சரிக்கை பிறப்பது சென்னை நுங்கம்பாக்கத்தில். அது செயலாக மாறுவது இங்கே, டோக்கன் தரும் மேசையில். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தொடர்பு அறுந்துபோனால், எவ்வளவு துல்லியமான எச்சரிக்கையும் வெறும் காகிதம்தான்.

கடலுக்கு மட்டுமல்ல, கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான். உங்கள் வங்கிக் கணக்கும் மருத்துவமனைப் பதிவும் பிள்ளைகளின் பள்ளி விவரமும் இன்று பத்திரமாக இருப்பது, எங்கோ பிறக்கும் ஓர் எச்சரிக்கை சரியான மேசைக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்வதைப் பொறுத்தே இருக்கிறது.

ஓகி சொன்ன பாடம்

2017 நவம்பர் 30-ம் தேதியைக் குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமங்கள் மறக்கவே மறக்காது. ஓகி புயல் வந்த நாள். ஆழ்கடல் மீனவர்கள் பலர் அதற்குச் சில நாள்கள் முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். கரையில் டி.வி-யிலும் ரேடியோவிலும் எச்சரிக்கை ஓடியது. ஆனால், செல்போன் சிக்னல் கரையிலிருந்து சில மைல்களோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் இருந்தவர்களுக்குச் சேதி போய்ச் சேர வழியே இல்லை. பலர் திரும்பவும் இல்லை.

அதன் பிறகுதான், வழியை உண்டாக்கும் வேலை வேகமெடுத்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை இந்தக் கருவி வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் செல்போனுக்குத் தரும். டவர் தேவையில்லை. செய்தி முன்பும் இருந்தது, போனும் முன்பும் இருந்தது. இரண்டையும் கோக்கும் கண்ணிதான் புதிது.

திருடர் பட்டியலும் காவல் கோபுரமும்

இப்போது கம்ப்யூட்டர் பக்கம் வரலாம். முன்பெல்லாம் ஓர் அலுவலகத்தின் கணக்கு வழக்கு அந்த அலுவலகத்தின் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. இன்று பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. இதைத்தான் 'கிளவுட்' என்கிறார்கள். அங்கே யார் உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் வரிவரியாகப் பதிவாகும். அந்தப் பதிவுகளை ஒரே இடத்தில் குவித்து, இரவு பகலாகக் கண்காணிக்கும் மென்பொருள்தான் காவல் கோபுரம்.

கோபுரத்தில் நிற்பவருக்கு ஒரு சிக்கல். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான பேர் வந்து போகிறார்கள். இதில் யார் திருடர், யார் வாடிக்கையாளர்? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இங்கேதான் வெளியிலிருந்து வரும் பட்டியல் உதவுகிறது. வேறொரு நாட்டில், வேறொரு வங்கியில் கைவரிசை காட்டிய திருடர்கள் பயன்படுத்திய ஐ.பி முகவரிகள், போலி இணையதளங்களின் பெயர்கள், வைரஸ் கோப்புகளின் 'கைரேகை' போன்ற எண்கள் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கும். மணிக்கு மணி புதுப்பிக்கப்பட்டு வந்துகொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் இதை 'த்ரெட் இன்டெலிஜென்ஸ் ஃபீட்' என்பார்கள். தமிழில் சொன்னால் ஆபத்துத் தகவல் ஓடை. இந்தியாவில் இத்தகைய எச்சரிக்கைகளைத் திரட்டிப் பகிரும் அரசு அமைப்பு, 2004-ல் தொடங்கப்பட்ட செர்ட்-இன்.

ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு மாதிரி எழுதினால் மெஷினுக்குப் புரியாது அல்லவா? அதனால் பட்டியலை எழுதுவதற்கு உலகம் முழுக்க ஒரு பொது வடிவம் உண்டு. அதன் பெயர் 'ஸ்டிக்ஸ்'. அதைச் சுமந்து செல்லும் வண்டிக்கும் ஒரு பொது முறை உண்டு. அதன் பெயரே 'டாக்ஸி'தான்!

ஓடையைக் கோபுரத்தோடு இணைப்பது என்றால், டாக்ஸி கொண்டுவரும் பட்டியலைக் கோபுரம் தானாகவே வாங்கி, தன்னிடம் இருக்கும் வருகைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி செய்வது. பெயர் பொருந்தினால் மணி அடிக்கும். மணி அடித்தபின் கதவை மூடுவதா, ஆளை அனுப்பிப் பார்ப்பதா என்பதை முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். அதுதான் டோக்கன் மேசை. அது இல்லாமல் பட்டியலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது, புயல் எச்சரிக்கையைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதைப் போல.

கூடங்குளத்துக்கு வந்த சேதி

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்துவிட்டது என்று சமூக வலைதளங்களில் பேச்சு பரவியது. முதலில் நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30-ம் தேதி, இந்திய அணுமின் கழகம் தன் அறிக்கையில் வைரஸ் இருந்ததை ஒப்புக்கொண்டது.

அந்த அறிக்கையில் இருந்த இரண்டு விவரங்கள் முக்கியமானவை. ஒன்று, இந்தத் தகவலைக் கழகத்துக்குச் சொன்னது செர்ட்-இன். அது கவனித்த தேதி செப்டம்பர் 4. இரண்டு, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைகளுக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டர். அணு உலையோடு தொடர்புடைய உள் வலைப்பின்னல் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

வெளியே இருந்தவர்தான் முதலில் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். வீட்டின் பின்பக்கத்தில் புகை வந்தால், முன் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. எதிர்த் தெருக்காரர்தான் கத்துவார். ஆபத்துத் தகவல் ஓடையின் பயனே அந்த எதிர்த் தெருக் கண்தான்.

சேதி வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பழைய பதிவேட்டைப் புரட்டுவது. 'இந்த முகவரி இனிமேல் வந்தால் பிடி' என்பது பாதி வேலைதான். 'போன மாதமே வந்துவிட்டுப் போயிருக்கிறதா?' என்று பார்ப்பதே மீதிப் பாதி. பதிவேட்டை வாரா வாரம் அழித்துவிட்டவருக்கு இந்தக் கேள்விக்கு விடையே கிடைக்காது. அதனால்தான் 2022 ஏப்ரல் 28-ம் தேதி செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தரவும் சொல்கிறது. கம்ப்யூட்டர் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரம் காட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஒரு கடிகாரம் 10 நிமிடம் பிந்தினால், திருடர் வந்தது முதலா, கதவு திறந்தது முதலா என்றே தெரியாமல் போய்விடும்!

எல்லா எச்சரிக்கையும் எச்சரிக்கை அல்ல

சரி, கிடைக்கிற பட்டியலை எல்லாம் இணைத்துவிட்டால் பாதுகாப்பு கூடிவிடுமா? கூடாது. ஜெகதாப்பட்டினத்துக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் ஒரு நாள் டோக்கன் நின்றாலும் அது ஒரு நாள் கூலி. மன்னார் வளைகுடாவுக்கான எச்சரிக்கையை வைத்துப் பாக் நீரிணைப் படகை நிறுத்தினால் வீட்டில் உலை கொதிக்காது. நேற்றைய காற்றுக்காக இன்றைக்கும் நிறுத்தினாலும் அப்படித்தான். இப்படி நான்கு முறை நடந்தால், ஐந்தாவது முறை உண்மையாகவே புயல் வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆபத்துப் பட்டியலிலும் இதே வம்பு உண்டு. ஐ.பி முகவரி என்பது வாடகை வீட்டு முகவரி மாதிரி. இன்று திருடர் குடியிருப்பார். அடுத்த மாதம் அதே முகவரியில் அப்பாவியான ஒரு ஜவுளிக்கடையின் இணையதளம் குடிவரும். ஆகவே நல்ல பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காலாவதித் தேதி இருக்கும். எவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறோம் என்பதற்கு ஒரு மதிப்பெண் இருக்கும். மதிப்பெண் அதிகமானால் கதவை மூடு. குறைவானால் மணி மட்டும் அடி. இந்த இரண்டையும் பார்க்காமல் இணைத்தால், காவல்காரர் நாளெல்லாம் பொய் மணியை அணைத்துக்கொண்டே இருப்பார். உண்மையான மணியையும் சேர்த்து அணைத்துவிடுவார்.

தப்பாக மூடினாலும் ஆபத்து உண்டு. 2017 மே 12-ம் தேதி 'வான்னாக்ரை' வைரஸ் உலகைச் சுற்றி வந்தது. பிரிட்டனில் மருத்துவமனைகள் முடங்கின. அந்த வைரஸ், விநோதமான பெயர் கொண்ட ஓர் இணையதளத்தைத் தேடிப் பார்க்கும். அந்தத் தளம் பதில் சொன்னால் வைரஸ் தன் வேலையை நிறுத்திவிடும். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர், யாருமே வாங்காமல் கிடந்த அந்தப் பெயரைச் சுமார் 10 டாலர் கொடுத்துப் பதிவு செய்தார். பரவல் அடங்கத் தொடங்கியது.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். 'இது வைரஸ் தேடும் முகவரி' என்று ஆபத்துப் பட்டியலில் சேர்த்து ஓர் அலுவலகம் அந்தத் தளத்தை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? வைரஸுக்குப் பதில் கிடைக்காது. பதில் கிடைக்காததால் அது நிற்காமல் வேலையைத் தொடரும்! 'தயவுசெய்து அந்த முகவரியை அடைக்காதீர்கள்' என்று நிபுணர்கள் உலகுக்கே சொல்ல வேண்டியிருந்தது. பட்டியலை இணைப்பது மெஷினின் வேலை. அதில் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பது மனிதரின் வேலை.

உங்கள் கையிலும் ஓர் ஓடை

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் பாடு என்று நினைக்க வேண்டாம். தடைக்காலத்தில் ஒரு மீனவர் வீட்டுக்குப் போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நிவாரணப் பணம் உங்கள் கணக்கில் ஏறவில்லை. முதலில் இந்த நம்பருக்கு 500 ரூபாய் அனுப்புங்கள், சரிபார்த்துத் தருகிறோம்' என்கிறது குரல். அந்த நம்பர்மீது வேறு மாவட்டத்தில் ஏற்கெனவே 5 பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள். எச்சரிக்கை இருக்கிறது. ஆனால், பணம் அனுப்பும் பெண்ணுக்கு அது தெரியாது. ஓகியில் நடுக்கடலில் இருந்த படகின் நிலைதான் அவருக்கும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் 'நிதி மோசடி அபாயக் குறியீடு' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சைபர் குற்றப் புகார்கள், பொதுமக்கள் 'சக்ஷு' வசதியில் சொன்ன விவரங்கள், வங்கிகள் தரும் தகவல்கள் ஆகியவற்றை வைத்து, சந்தேகத்துக்குரிய போன் நம்பர்களை நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று 3 படிகளாகப் பிரிக்கிறது. இந்தப் பட்டியல் வங்கிகளுக்கும் யு.பி.ஐ நிறுவனங்களுக்கும் போகிறது. இதைத் தங்கள் கம்ப்யூட்டர் அமைப்போடு இணைத்துக்கொள்ளும்படி 2025 ஜூன் 30-ம் தேதி ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. இணைத்துவிட்டால், 'மிக அதிகம்' என்ற படியில் இருக்கும் நம்பருக்குப் பணம் அனுப்ப முயலும்போதே தடுக்க முடியும். டோக்கன் மேசை உங்கள் போனுக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆனால், ஓடை ஊறுவதற்கு ஊற்று வேண்டும். ஏமாந்த முதல் ஆள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், அந்த நம்பர் எந்தப் பட்டியலிலும் ஏறாது. அடுத்த வீட்டுக்கும் அதே குரல் போன் செய்யும்.

எனவே இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

* பணம் போய்விட்டதா? ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன்பு சொன்னால், முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

* பணம் போகவில்லை, சந்தேகமான அழைப்போ மெசேஜோ மட்டும்தான் வந்ததா? 'சஞ்சார் சாத்தி' தளத்திலோ ஆப்பிலோ உள்ள 'சக்ஷு' பகுதியில் பதிவு செய்யுங்கள். 'நாம்தான் ஏமாறவில்லையே' என்று விட்டுவிடாதீர்கள்.

கடலில் முதல் படகு சூறைக்காற்றைப் பார்த்ததும், வயர்லெஸ்ஸில் பின்னால் வரும் படகுகளுக்குக் குரல் கொடுக்கும். தான் தப்பித்துவிட்டோம் என்று சும்மா இருக்காது. பின்னால் வருவது யார் படகு என்றும் கேட்காது.