தமிழ்ப் பெயரில் புதையலா?

கும்மிடிப்பூண்டி இரும்பாலையொன்றில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்து, போனஸ் பணத்தை டொமைன் பெயர்களில் போடலாமா என்று கேட்டார். நிலம், நகை, கல்யாணம் போன்ற சொற்களைத் தமிழ் எழுத்திலேயே ".இந்தியா" என்ற முடிவோடு இணைய முகவரிகளாக இன்று பதிவு செய்து வைத்தால், நாளை லட்சக்கணக்கில் விலைபோகும் என்று யாரோ ஒரு தரகர் சொன்னாராம்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. தொழிற்பேட்டை வருகிறது என்ற பேச்சை நம்பி, வயலில் நட்ட கல்லுக்குப் பணம் கொடுத்தவர்களை நாம் அறிவோம். மனையாவது மண்ணாகக் கிடக்கும். டொமைன் பெயரோ நமக்குச் சொந்தமே ஆவதில்லை. அது வருஷ வாடகை. வாடகை நின்றால் பெயரும் போயிற்று. பிறருடைய வியாபாரப் பெயரைப் பிடித்து வைத்தாலோ, அவர் முறையிட்டுப் பறித்துக்கொள்ளவும் வழியிருக்கிறது.

2019-ல் வாய்ஸ்.காம் என்ற ஆங்கிலப் பெயர் 3 கோடி டாலருக்கு விலைபோனது மெய்தான். அந்தச் சொல்லை உலகமெங்கும் தட்டுகிறார்கள். தமிழில் முகவரி தட்டுகிறவர் நம்மில் எத்தனை பேர்? சிப்காட் சாலையில் ஆலைப் பலகைகளையும் லாரிகளையும் பார்த்துக்கொண்டே நடந்தோம். முகவரியெல்லாம் ஆங்கிலந்தான். 2021 ஜனவரியில், புதிதாக .இன் பெயர் பதிவோருக்கு இந்திய மொழிப் பெயரொன்றை இலவசமாகவே தருவதாக நிக்ஸி நிறுவனம் அறிவித்தது. இனாமாகக் கொடுத்தும் கொள்வாரில்லாத சரக்கையா கூலிப் பணத்தைக் கொட்டி வாங்குவது? ருஷ்யாவில் 2010 நவம்பரில் அவர்கள் எழுத்து முகவரியைத் திறந்துவிட்டபோது, முதல் நாளிலேயே 2 லட்சத்துக்கு மேல் பதிவாயின. அங்கேயும் லாபத்துக்காகப் பிடித்தவர்கள் பின்னால் ஏராளமானவற்றைப் புதுப்பிக்காமல் கைவிட்டார்கள்.

நிற்க, அப்படியானால் தமிழ் முகவரியே வீண் என்கிறோமா? இல்லவே இல்லை. ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு இவை தவிர வேறெதுவும் முகவரியில் நுழையக் கூடாதென்று ஆதியில் விதி செய்துவிட்டார்கள். ஏதோ ஆண்டவன் கட்டளை போல உலகம் அதற்குப் பணிந்தது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துத் தான் தின் வீ முதலானோர் 1998 வாக்கிலேயே இதை உடைக்க முயன்றார்கள். 2009-ல்தான் ஐகான் சபை நாட்டு முடிவுகளைப் பிற எழுத்துகளில் அனுமதித்தது. 2010, 2011-ல் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்ற மூன்று முடிவுகள் தமிழில் கிடைத்தன.

கிடைத்தும் என்ன? நாம் தமிழில் தட்டும் பெயர் எக்ஸ்.என். என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக வேஷம் மாறித்தான் உள்ளே போகிறது. அதுகூடப் போகட்டும், இயந்திரத்தின் சங்கதி. ஆனால் தமிழ் மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பத்தில் எழுதினால் "செல்லாது" என்று தள்ளும் கணினிகள் இன்றும் எத்தனையோ! அதைத் திருத்தாதது மனிதனுடைய அலட்சியமல்லவா? திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகப் பக்கத்தில் தமிழில் படிக்கலாம். ஆனால் ஊரெங்கும் வழங்கும் அதன் முகவரி ஆங்கில எழுத்தில். தமிழ் மட்டும் படித்த ஒரு தாய் பட்டா விஷயம் பார்க்க அந்த வாசலை எப்படிக் கண்டுபிடிப்பாள்? சர்க்கார் அலுவலகங்களும் ஆலைகளும் தமிழ் முகவரியைப் பலகையில் எழுதி, விண்ணப்பங்களிலும் ஏற்கும் நாளில்தான் அதற்கு விலையென்று ஒன்று உண்டாகும். அதற்காகக் கூச்சல் போடுவதை விட்டுவிட்டுப் பெயரைப் பதுக்குகிறவனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

தோழரின் துணைவியார் கவரப்பேட்டையில் தையற்கடை வைத்திருக்கிறார். அந்தக் கடைக்கு ஒரே ஒரு தமிழ் முகவரி வாங்கிப் பலகையிலும் பையிலும் அச்சடியுங்கள், மிச்சப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்கு வையுங்கள் என்றோம். சம்மதித்தார். ஆனால் பெயரை எண் கணிதம் பார்த்துத்தான் வைக்க வேண்டுமென்று தரகர் சொல்லியிருக்கிறாராம். அந்தக் கணக்கும் ஆங்கில எழுத்துகளைக் கூட்டித்தானாம்!