இணையத்தளம் உங்களுடையது, சாவி யாரிடம்?

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து றக்வான பஸார் வழியாகக் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கொடகவெலயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் இளம் முதலாளி ஒருவர் என்னைக் கண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"நானா, கடைக்கு ஒரு வெப்சைட் செய்ய மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 35,000 ரூபா என்கிறார். அடுத்தவர் 180,000 என்கிறார். மூன்றாமவர் முன்பணமே வேண்டாம், மாதா மாதம் டொலரில் கட்டினால் போதும் என்கிறார். எதை எடுக்கலாம்?"

"விலையைப் பிறகு பார்ப்போம் தம்பி. மூன்று பேரிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். நாளைக்கு உங்களுக்கும் எனக்கும் சரிவராமல் போனால், என் தளத்தை நான் எப்படித் தூக்கிக்கொண்டு போவேன் என்று கேளுங்கள்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காததால் நான் பட்டதை இந்த வாரம் எழுதுகிறேன். எமது வியாபார சகோதரர்களில் ஒருவருக்காவது இது உதவினால் போதும்.

என் கதை

எங்களுடையது மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய் வியாபாரம். வாப்பா காலத்தில் இருந்து நடக்கிறது. 2008ஆம் ஆண்டு பொதி செய்து விற்கத் தொடங்கியபோது, கொழும்பில் ஒரு நிறுவனத்திடம் 60,000 ரூபா கொடுத்து இணையத்தளம் செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மிளகு விலை மாறினால் அவர்களுக்குத்தான் தொலைபேசி எடுக்க வேண்டும். அவர்கள் மாற்றித் தருவதற்குள் சந்தையில் விலை இன்னொரு முறை மாறிவிடும். அவர்களே எழுதிய மென்பொருள் என்பதால் வேறொருவரால் அதில் கை வைக்கவும் முடியாது.

நான்கு வருடங்களுக்குப் பிறகு அந்த நிறுவனம் மூடப்பட்டது. தளத்தின் முகவரியை, அதாவது டொமைனை, அவர்கள் தங்கள் பெயரிலேயே பதிந்திருந்தார்கள். வருடாந்தக் கட்டணம் கட்டப்படாமல் அது காலாவதியானது. கட்டாரில் இருக்கும் மச்சான் ஒரு நாள் இரவு அழைத்தார். "என்ன மச்சான், உங்கட சைட்டைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது!" என்றார்.

அப்போது எங்கள் களஞ்சியத்தில் அந்த முகவரி அச்சிடப்பட்ட மிளகுப் பக்கற்றுகள் 5,000 இருந்தன. சூதாட்டத்துக்கு வழிகாட்டும் பக்கற்றை எந்த முகத்தோடு கடைகளுக்குக் கொடுப்பது? இரண்டு நாட்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம். அந்த 60,000 ரூபாவை விட அந்த இரண்டு நாட்கள்தான் எனக்கு வலித்தது.

சீ.எம்.எஸ். என்றால் என்ன?

விடயம் பெரிதல்ல. நாங்களே எழுதவும், விலையை மாற்றவும், படம் போடவும் வசதி செய்து தரும் மென்பொருளைத்தான் உள்ளடக்க முகாமைத்துவ முறைமை, சுருக்கமாக சீ.எம்.எஸ். என்கிறார்கள். கடையோடு ஒப்பிட்டால், கட்டடமும் ராக்கைகளும் செய்தவர் போட்டுத் தந்தது. ராக்கையில் சாமான் அடுக்குவதும் விலைத் துண்டு மாட்டுவதும் நீங்கள்.

இப்போது எமக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, என்னைப் போல ஒரு நிறுவனம் சொந்தமாக எழுதிய மென்பொருளில் போய் மாட்டுவது. இரண்டாவது, ஷொபிஃபை போன்ற மாத வாடகைச் சேவைகள். மூன்றாவது, யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த மூல மென்பொருள்கள். வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ருபால் ஆகியவை இந்த வகை.

முதல் வழிக்கு என் பதில் மேலே இருக்கிறது. மற்ற இரண்டையும் பார்ப்போம்.

டொலர் வாடகை

வாடகைச் சேவைகளை நான் குறை சொல்லவில்லை. ஒரு பின்னேரத்தில் கடை திறந்துவிடலாம். பாதுகாப்பு, பழுதுபார்த்தல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வெளிநாட்டுக்கு விற்று டொலரில் சம்பாதிப்பவருக்கு அது நல்ல வழியாகக்கூட இருக்கலாம். ஆனால் ரூபாவில் சம்பாதிக்கும் எங்களுக்கு?

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360 ரூபாவைத் தொட்டது. அப்போது ஷொபிஃபையின் அடிப்படைத் திட்டம் மாதம் 29 டொலர். அதாவது 5,800 ரூபாவாக இருந்த வாடகை இரண்டே மாதங்களில் 10,440 ரூபாவானது. பெற்றோல் வரிசையில் நாடே நின்ற நேரம் அது. கடையில் வியாபாரமும் இல்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் அந்த நிறுவனம் கட்டணத்தை 39 டொலராக உயர்த்தியது. அவர்களுடைய சொந்தக் கட்டண முறை இலங்கைக்குக் கிடைப்பதில்லை. வேறு வழியில் கார்ட் கட்டணம் வாங்கினால் அடிப்படைத் திட்டத்தில் 2 வீதம் அவர்களுக்குப் போகும். மளிகை வியாபாரத்தில் 2 வீதம் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். சில சாமானில் எமக்கு மிஞ்சுவதே அவ்வளவுதான்.

இன்னொன்று. வாடகையை நிறுத்தினால் கடை மூடப்படும். சாமான் பட்டியலை எடுத்துக்கொண்டு வரலாம். கடையின் அமைப்பை எடுத்துக்கொண்டு வர முடியாது.

"பேஸ்புக் போதாதா?"

பலர் கேட்கும் கேள்வி இது. பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப்பும் இருக்கும்போது தளம் எதற்கு என்கிறார்கள். அவை தேவைதான். எனக்கும் இருக்கிறது. ஆனால் அவை வேறொருவரின் காணியில் போட்ட தட்டுக் கடைகள்.

2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சுமார் ஒரு வாரம் முடக்கியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் அப்படித்தான் நடந்தது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி யாரும் முடக்காமலேயே, அந்த நிறுவனத்தின் சொந்தத் தவறால், உலகம் முழுவதும் ஆறு மணித்தியாலங்கள் அளவில் இரண்டும் நின்றன. எமது சமூகத்து வியாபாரிகள் ஏற்கெனவே நொந்து போயிருந்த நாட்களில், வட்ஸ்அப்பில் மட்டும் ஓடர் எடுத்தவர்களுக்கு வாடிக்கையாளரோடு பேசவும் வழி இல்லாமல் போனது.

இலவசமாகக் கிடைப்பது நிலைக்கும் என்றும் நம்ப வேண்டாம். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்தவர்களுக்கு கூகுளே ஒரு சிறிய தளத்தை இலவசமாகக் கொடுத்திருந்தது. 2024 மார்ச்சில் அந்தச் சேவையை மூடிவிட்டது. வரைபடப் பதிவு இன்னும் இருக்கிறது. அதைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

நான் எடுத்த முடிவு

2013இல் மீண்டும் தொடங்கியபோது வேர்ட்பிரஸ் எடுத்தேன். அது 2003 மே மாதம் வெளிவந்தது. இன்று உலகின் இணையத்தளங்களில் பத்துக்கு நான்குக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் அனுமதிப் பத்திரம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், வேறு இடத்துக்குக் கொண்டு போகலாம். செய்து தந்த பிள்ளை வெளிநாடு போனாலும், இரத்தினபுரியிலோ எம்பிலிப்பிட்டியவிலோ அந்த வேலை தெரிந்த இன்னொரு பிள்ளையைத் தேடிக்கொள்ளலாம். கடை வைக்க வூகொமேர்ஸ் என்ற இலவச இணைப்பு இருக்கிறது. எமது நாட்டுக் கட்டணச் சேவையான பேஹியர் போன்றவற்றையும் அதில் பொருத்தலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம்.

ஜூம்லா 2005இல் வந்தது. அந்தப் பெயர் ஸ்வாஹிலிச் சொல்லில் இருந்து எடுத்தது. அதன் மூலம் நமக்குப் பழக்கமான அரபு 'ஜும்லா'தான். நல்ல மென்பொருள். ட்ருபால் அதைவிடப் பலமானது. பெரிய நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். ஆனால் எம்மைப் போன்ற சிறு கடைக்கு மென்பொருளின் பலத்தை விட, பழுது பார்க்க ஆள் கிடைப்பதே முக்கியம். கிராமத்துக்கு லொறி வாங்கும்போது உதிரிப்பாகம் பெல்மதுளையில் கிடைக்குமா என்று பார்ப்பதில்லையா? அதே கணக்குத்தான்.

"இலவசம் என்றால் தரம் இருக்காது" என்பார்கள். 2004 சுனாமிக்குப் பின்னர் நிவாரண வேலைகளை ஒழுங்குபடுத்த எமது நாட்டுக் கணனி இளைஞர்கள் எழுதிய சஹானா என்ற மென்பொருளும் இந்த வகைதான். அதைப் பின்னர் வெளிநாடுகளும் அனர்த்த காலங்களில் பாவித்தன.

திறந்த மூல உலகத்திலும் சண்டை உண்டு. 2024 செப்டெம்பரில் வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவருக்கும் டபிள்யூ.பி. என்ஜின் என்ற பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் பிரச்சினை வந்தது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சில நாட்கள் தங்கள் இணைப்புகளை வழமைபோல் புதுப்பிக்க முடியாமல் இருந்தார்கள். ஆனாலும் விரும்பியவர் தன் தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடிந்தது. நான் சொல்லும் சாவி அதுதான்.

என் தவறும் ஒன்று

இரண்டாவது தளத்திலும் நான் அடி வாங்கினேன். இம்முறை யாரையும் குறை சொல்ல முடியாது. தளத்தின் தோற்றத்துக்கான ஒரு வடிவமைப்பு 60 டொலர் அளவில் விற்றது. "இதன் கள்ளப் பிரதி கிடைக்கும் அங்கிள், போடவா?" என்று வேலை செய்த பிள்ளை கேட்டான். போடு என்றேன். அதற்குள் யாரோ ஒளித்து வைத்த கெட்ட நிரல் இருந்தது. 2019இல் தளம் முழுவதையும் அது கெடுத்தது. இரண்டு வருடங்களாக நான் மென்பொருளைப் புதுப்பிக்கவும் இல்லை, பிரதி எடுத்து வைக்கவும் இல்லை.

தராசில் கை வைக்கும் வியாபாரியை நாம் என்ன சொல்வோம்? அடுத்தவன் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுத்ததும் அதுதானே. இலவசமாகத் தரப்பட்டதை எடுப்பது வேறு, விற்கப்படுவதைத் திருடுவது வேறு. இலவச வடிவமைப்புகளே ஆயிரக்கணக்கில் இருக்கும்போது எனக்கு அந்தப் புத்தி தேவைப்பட்டிருக்கக் கூடாது.

பழைய தளத்தில் இருந்து சாமான் பட்டியலையாவது மீட்கலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. அது பாமினி எழுத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. இன்றைய கைத்தொலைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கூகுளில் 'மிளகு' என்று தேடினாலும் அகப்படாது. ஆகவே தமிழில் எழுதும் எவரும் யுனிகோட் எழுத்தில் மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

எழுத்தில் கேளுங்கள்

சீ.எம்.எஸ். எல்லோருக்கும் தேவை என்றும் நான் சொல்ல மாட்டேன். கடையின் பெயர், முகவரி, தொலைபேசி, திறக்கும் நேரம், நான்கு படம். இவ்வளவுதான் வேண்டும், வருடத்துக்கு ஒரு முறைகூட மாறாது என்றால், ஒரு தனிப் பக்கம் போதும். அதற்குச் சீ.எம்.எஸ். போட்டால் புதுப்பிக்கும் வேலைதான் மிஞ்சும். விலையும் சாமானும் அடிக்கடி மாறுபவர்களே மேலே போக வேண்டும்.

அப்படிப் போகிறவர்கள், காசு கொடுக்கும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. டொமைன் என் பெயரில், என் மின்னஞ்சலில் பதியப்பட வேண்டும். எல்.கே. முகவரிகளை எமது நாட்டு எல்.கே. டொமைன் பதிவகத்தில் நாமே பதியலாம். '.இலங்கை' என்று முடியும் தமிழ் முகவரியும் அங்கே உண்டு.

2. ஹோஸ்டிங் கணக்கும் தளத்தின் முகாமையாளர் கடவுச்சொல்லும் என்னிடம் இருக்க வேண்டும். முடிந்தால் ரூபாவில் கட்டணம் வாங்கும் உள்ளூர் நிறுவனத்தில் ஹோஸ்டிங் எடுக்க வேண்டும்.

3. கள்ளப் பிரதி எதுவும் போடக் கூடாது.

4. மாதம் ஒரு முறை மென்பொருளைப் புதுப்பித்து, முழுத் தளத்தின் பிரதி ஒன்றை எனக்குத் தர வேண்டும். அதற்கு என்ன கூலி என்று இப்போதே சொல்ல வேண்டும்.

5. முதல் நாள் விலை மட்டுமல்ல, மூன்று வருடத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும்.

கடைசியை நன்றாகக் கவனியுங்கள். 35,000 என்பது மூன்று வருடத்தில் ஒன்றரை லட்சமாகலாம். 180,000 அப்படியே நிற்கலாம். முதல் நாள் விலையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கடை எடுக்கும்போது நாம் உறுதியைப் பார்க்கிறோம், காணிப் பதிவுக் காரியாலயத்துக்குப் போகிறோம், சட்டத்தரணியிடம் காட்டுகிறோம். இணையத்தளம் என்றதும், தெரியாத விடயம் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டு காசைக் கொடுக்கிறோம். கணனி தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நான் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. கடைத்தெருவில் நாற்பது வருடம் கற்றதை அங்கேயும் கேட்டால் போதும்.

கொடகவெல தம்பி கடந்த வாரம் அழைத்தார். என் கேள்வியை மூன்று பேரிடமும் கேட்டிருக்கிறார். 35,000காரர் பேச்சை மாற்றினாராம். டொலர்காரர் அப்படி ஒரு நிலை வராது என்றாராம். 180,000 கேட்டவர் மட்டும், டொமைனும் கடவுச்சொல்லும் முதல் நாளே உங்கள் கையில் என்று எழுதித் தந்துவிட்டு, "கடை எல்லாம் வேண்டாம், விலைப்பட்டியல் மட்டும் என்றால் 90,000க்குச் செய்யலாம்" என்றாராம்.

"அப்போ அவரிடமே கொடுக்கட்டுமா நானா?" என்றார்.

"அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பிறகு கொடுங்கள்" என்றேன்.