ஒஸ்காரையும் கப்பியையும் ஒரே பையில் கட்டலாமா?

வளர்ப்பு மீன் கடை நடத்தும் நண்பர்கள் பலரிடம் ஒரே முறைப்பாடுதான். தொட்டி வாங்கிச் செல்பவர்கள் இரண்டு மாதத்தில் காணாமற் போய்விடுகிறார்களாம். மீன் செத்தால் தண்ணீரைக் குறை சொல்கிறோம், வாடிக்கையாளரைக் குறை சொல்கிறோம். ஒன்றாக வாழ முடியாத மீன்களைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் நாம்தான் என்பதை மட்டும் பேசுவதில்லை.

எனது கடையிலேயே நடந்தது. ஒருவர் தன் மகனுக்காக இரண்டடித் தொட்டி வாங்கினார். பையன் கை காட்டியதையெல்லாம் பிடித்துக் கொடுத்தேன். மூன்று டைகர் பார்ப், ஓர் ஆண் பைட்டர், ஆறு கப்பி. அன்றைக்கு நல்ல பில். நான்காம் நாள் பைட்டரின் செட்டை கிழிந்த துணிபோல் ஆகிவிட்டது. டைகர் பார்ப் நீண்ட செட்டையைக் கண்டால் கடிக்கும். எட்டுப் பத்தாக விட்டால் பெரும்பாலும் தமக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். இரண்டு மூன்றாக விட்டால் மற்ற மீன்கள் மீது பாயும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அவர் தொட்டியையே விற்றுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒஸ்கார் அதைவிட மோசம். கடையில் இரண்டு அங்குலம், ஒரு வருடத்தில் ஓர் அடிக்குக் கிட்ட வந்துவிடும். வாயில் அடங்குவதெல்லாம் அதற்குச் சாப்பாடு. சாதுவாகத் தெரியும் ஏஞ்சலும் வளர்ந்தபின் நியோன் டெட்ராவை விழுங்கும். சண்டை மட்டுமல்ல, தண்ணீரும் ஒத்துப்போக வேண்டும். மலாவி ஏரியின் சிக்லிட்டுக்குக் கடின நீர் தேவை, நியோனுக்கு மென்னீர். இரண்டையும் ஒரே தொட்டிக்கு விற்பவர் எதை நினைத்து விற்கிறாரோ!

இப்போது வலையைக் கையில் எடுக்குமுன் கேட்கிறேன்: தொட்டி எவ்வளவு பெரிது, உள்ளே என்ன மீன் இருக்கிறது? சிறு தொட்டிக்காரருக்குக் கப்பி, பிளாட்டி, அடியில் மேய நாலைந்து கொரிடோராஸ் போதும். நமது நாட்டு ஓடைகளுக்கே உரிய செரி பார்ப்பும் சாதுவான மீன். அதைக் கேட்டு வருபவர்தான் குறைவு, நாமே எடுத்துக் காட்ட வேண்டும்.

"நீங்கள் மறுத்தால் பக்கத்துக் கடைக்காரர் விற்பாரே?" என்று கேட்கலாம். விற்பார்தான். கப்பித் தொட்டியில் விட ஒஸ்கார் கேட்டு வந்த ஒருவரை நான் திருப்பி அனுப்பினேன். வேறிடத்தில் வாங்கினார். மூன்று வாரத்தில் ஒஸ்கார் மட்டும் மிஞ்சிய தொட்டியோடு என்னிடமே வந்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். இன்று அவருக்கு மீன் தீனும் பில்டரும் என் கடையில்தான். மீனில் கிடைப்பதைவிட அவற்றில்தான் எனக்கு இலாபம்.