கடலும் கரியின் விஷவாயுவும்

கடல்நீரில் விஷவாயு பிறக்கின்றதெனக் கூறின் நம்மிற் பலர் நம்பார். அடைத்த அறையிற் கரியடுப்பு மூட்டி உறங்குவோரை மாய்க்கும் கார்பன் மோனாக்ஸைடை ஆலைப் புகையோடும் மோட்டார் வண்டியோடும் சேர்த்தெண்ணியே பழகிவிட்டோம். ஆயினும் 1970-ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஸ்வின்னர்ட்டனும் அவர்தம் துணைவரும், காற்றோடு சமநிலையில் நிற்றற்கு வேண்டிய அளவினும் பன்மடங்கு மிகுதியாகக் கடலின் மேனீர் இவ்வாயுவைக் கொண்டிருத்தலை வெளியிட்டனர்.

இதனைக் கேட்ட சிலர், "கடலே கக்குகின்றதெனின் நம் புகைபோக்கிகளைக் குறைகூறுவானேன்?" என வினவக்கூடும். கணக்கேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் புரட்டியவர் வினா அது என்பது எமது துணிபு.

மறுபக்கத்தையும் காண்போம். பாசிகளும் செடிகொடிகளும் மடிந்து சிதைந்த பொருள்கள் நீரிற் கரைந்து அதற்குச் சிறிது மஞ்சள் சாயலை ஊட்டுகின்றன. சூரியனுடைய கிரணங்கள், அவற்றுள்ளும் ஊதாவிற்கு அப்பாற்பட்டவை, இப்பொருள்களைப் பிளக்குங்கால் இவ்வாயு வெளிப்படுகின்றது. ஆதலின் வைகறையிற் குறைந்து, நண்பகல் கடந்தபின் மிகுந்து, இரவில் அது தேய்கின்றது. பெர்முடாவை அடுத்த சர்காசோக் கடலில் இவ்வேற்றத்தாழ்வை ஆராய்ச்சியாளர் அளந்துள்ளனர். (வெயிலின் உதவியின்றியே இதனை ஆக்கும் உயிர்களும் உள. 'போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்' என மேனாட்டார் அழைக்கும் கடலுயிர், தன் மிதவைப் பையை நிரப்புதற்கு இவ்வாயுவைத் தானே செய்துகொள்கின்றது. நம்மைக் கொல்வது அதனை மிதக்கவைக்கின்றது!)

இரவில் அது தேய்வது எங்ஙனம்? ஒரு பகுதி காற்றிற் கலக்கும். பெரும்பகுதியைக் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் கொள்ளும். அவற்றுள் ஒன்றன் மரபணுக்கள் முழுவதும் 2004-இல் படித்தறியப்பட்டன. இவ்வாயுவைப் பிராணவாயுவோடு சேர்த்துக் கரியமிலவாயுவாக்கி, அதனாற் பிறக்கும் ஆற்றலைப் பெறுதற்குரிய கருவிகள் அதன்கண் இருந்தன. உடலை வளர்க்கும் சோற்றுக்கு வேறு பொருளை நாடும் அவ்வுயிர், இதனை அடுப்பெரிக்கும் விறகாகக் கொள்கின்றது எனலாம். ஒளியாற் கடலில் ஆண்டுதோறும் பிறக்கும் இவ்வாயுவிலுள்ள கரி ஏறத்தாழ 5 கோடி டன் என 2003-இல் வெளிவந்த ஒரு கணக்குக் கூறும். அதிற் காற்றை அடைவது சிறு பங்கே. எரிபொருள்களாலும் காட்டுத்தீயாலும் வாயுமண்டலத்திற் சேர்வதனோடு ஒப்பிடின் அது மிகச் சிறிது.

இனி, "அந்நுண்ணுயிர்கள் நம் புகையையும் உண்டு தீர்க்குமே" எனத் தேறுவோரும் இருப்பர். அதுவும் ஆகாது. மேனீரில் இவ்வாயு மிகுந்திருத்தலின் அது பெரும்பாலும் கடலினின்று காற்றுக்கே செல்லும். காற்றினின்று கடலுக்கு வாராது. கடலுயிர்கள் தம் இல்லத்துக் குப்பையைத் தாமே பெருக்குகின்றன. நம் முற்றத்தை அவை பெருக்கமாட்டா. காற்றிலுள்ளதை நீக்குவன, சிறிதளவு மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும், பேரளவு ஹைட்ராக்ஸில் என்னும் அணுக்கூட்டமுமேயாம். அவ்வணுக்கூட்டமே மீத்தேன் வாயுவையும் அழிக்க வேண்டும். நாம் விடும் புகையை அழிப்பதில் அது செலவாகுந்தோறும், உலகை வெப்பமாக்கும் மீத்தேன் காற்றில் நெடுநாள் தங்குகின்றது.