விலாசமும் உரிமையும்

எந்த அரசாங்கக் கந்தோருக்குச் சென்றாலும், எந்த வங்கியின் படியேறினாலும், முதலில் நம் கையிலே தரப்படுவது ஒரு படிவம். அதிலே பெயருக்கு அடுத்தாற்போல 'நிரந்தர விலாசம்' என்று ஓரிடம் விடப்பட்டிருக்கும். நம்மிற் பெரும்பாலோர் அதனைச் சிந்தியாமலே நிரப்பிவிடுகின்றோம். ஆனால் அந்த ஒரு வரியை நிரப்ப இயலாத மனிதரும் உலகில் இருக்கின்றனர். வான் வண்டியையே வீடாகக் கொண்டு, இன்று ஓர் ஊரிலும் நாளை வேறோர் ஊரிலுமாக வாழ்வோர் அவர்கள். ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் இவர்களுடைய வாழ்க்கை எழுப்பும் வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்கு வெறும் தபால் விவகாரமாகவே தோன்றும். உண்மையில் அது ஒரு மனிதனின் உரிமைகள் எதனைப் பற்றி நிற்கின்றன என்னும் வினாவாகும்.

இவ்வாழ்க்கையைச் சிலர் விரும்பி மேற்கொண்டுள்ளனர். வேறு சிலர்க்கு வேறு வழியில்லை. 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதிய அமெரிக்கர் பலர், வண்டிகளிற் குடியேறி, பருவத்துக்குப் பருவம் வேலை தேடி அலைந்த கதையை ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 'நோமட்லாண்ட்' என்ற நூலில் 2017ஆம் ஆண்டில் எழுதினார். அந்நூலைத் தழுவிய திரைப்படம் 2021ஆம் ஆண்டில் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றது. பரந்த வெளிகளும் தனிமையின் அழகும் இரசிகர் நெஞ்சைக் கவர்ந்தன. எனினும் அத்தகைய வாழ்வின் பெரும் பாரம் நெடுஞ்சாலைத் தூரத்தில் மட்டும் இல்லை, காகிதங்களிலும் இருக்கின்றது.

அப்பாரத்தின் இயல்பைச் சற்று நோக்குவோம். வண்டியோட்டச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு விலாசம் வேண்டும். வண்டிக்குக் காப்புறுதி வேண்டும். காப்புறுதி நிறுவனமோ அவ்வண்டி இரவில் எங்கே நிறுத்தப்படும் என்று வினவும். சம்பளம் வந்து சேர வங்கிக் கணக்கு வேண்டும். வங்கியும் வதிவிடத்துக்குச் சான்று கேட்கும். பிரித்தானியாவிலே சாரதி அனுமதிப்பத்திரத்திலுள்ள விலாசம் மாறியதை அறிவியாதவர்க்கு 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடந்தருகின்றது. இவ்வாறு ஒரு பத்திரம் மற்றொரு பத்திரத்தைச் சாட்சிக்கு அழைக்க, எல்லாப் பத்திரங்களும் இறுதியில் ஒரு கதவிலக்கத்தையே சுட்டி நிற்கின்றன. கடிதங்கள் மின்வழியே வரும் இக்காலத்திலும் இந்த நிலை அறவே நீங்கிவிடவில்லை.

மனிதனை அவன் ஊரோடு சேர்த்து அறிவது நமக்குப் புதிதன்று. உலகத்து ஊர்கள் அனைத்தையும் தன் ஊராகக் கண்ட சங்கப் புலவரையே பூங்குன்றனார் என்று ஊர்ப்பெயரால் அன்றோ நாம் அறிகின்றோம்! ஆனால் வீட்டுக்கு இலக்கமிட்டு, அதன்மூலம் மனிதனை எண்ணும் வழக்கம் வேறொரு நோக்கத்தில் வளர்ந்தது. 1770ஆம் ஆண்டளவில் அரசி மரியா தெரேசாவின் ஆட்சியிலிருந்த ஒஸ்திரிய நாடுகளில் வீடுதோறும் இலக்கம் பொறிக்கப்பட்டது கடிதங்களை எளிதிற் சேர்ப்பிப்பதற்காக அன்று. படைக்கு ஆட்சேர்க்கத் தக்க ஆடவரைக் கணக்கெடுப்பதற்காகவே. அரசின் வசதிக்காகப் பிறந்த கருவி, காலப்போக்கில் குடிகளின் உரிமைகளுக்குத் திறவுகோலாகிவிட்டது. திறவுகோல் இல்லாதவன் வெளியே நிற்கின்றான்.

இதற்குப் பரிகாரம் காண முயன்ற நாடுகள் இல்லாமற் போகவில்லை. அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலம், நிலையான வீடின்றி ஆண்டு முழுவதும் பயணஞ் செய்வோர்க்கு இடங்கொடுத்துப் பெயர்பெற்றது. அம்மாநிலத்திலே ஓரிரவு தங்கியதற்கான விடுதிப் பற்றுச்சீட்டையும், தபால் பெறும் முகவர் ஒருவரின் விலாசத்தையும் காட்டி, உரிய பத்திரத்தில் ஒப்பமிட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் பெற வழி செய்யப்பட்டது. முகவர் கடிதங்களை வாங்கி வைத்து, பயணி கேட்கும் ஊருக்கு அனுப்பிவைப்பார். ஆனால் இத்தொண்டு இலவசமன்று. வீடில்லாதவன் தன் விலாசத்துக்கும் வாடகை செலுத்தவேண்டியவனாகின்றான்.

பிரித்தானியா வேறொரு வழியைக் காட்டியது. நிலையான வதிவிடம் இல்லாதவர், தாம் பெரும்பாலும் நடமாடும் இடத்தைக் குறிப்பிட்டு 'உள்ளூர்த் தொடர்பு' உண்டென வெளிப்படுத்தினால் வாக்காளர் இடாப்பிற் பதியப்படலாம் என 2000ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஏற்பாடு செய்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையிலோ, குடும்ப வைத்தியரிடம் பதிந்துகொள்ள வதிவிடச் சான்று கட்டாயமன்று. விலாசமற்ற நோயாளிக்கு வைத்தியசாலையின் விலாசத்தையே எழுதிக்கொள்ளலாம். எளிய ஏற்பாடுதான். ஆயினும் நோயாளி முதலில் மனிதன், அதன் பின்னரே ஒரு வீட்டுக்காரன் என்னும் உண்மை அதிலே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றது.

பிரான்சின் வரலாறு நமக்கு எச்சரிக்கையாக அமைகின்றது. 1912ஆம் ஆண்டின் சட்டம், அலைந்து வாழும் நாடோடி மக்கள் தம் உடலளவுகள் குறிக்கப்பட்ட பதிவுப் புத்தகத்தைச் சுமக்கவேண்டும் என்றது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கி, 'நடமாட்டப் பத்திரங்களை' ஏற்படுத்தியது. ஒவ்வொருவரும் ஒரு நகராட்சியோடு இணைக்கப்படவேண்டும். அவ்வாறு இணைக்கப்படுவோர் அந்நகராட்சி மக்கட்டொகையில் 3 சதவீதத்தை மீறலாகாது. மூன்றாண்டுகள் இடையறாது இணைந்திருந்த பின்னரே வாக்குரிமை கிட்டும் என்பன அதன் விதிகள். 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அந்நாட்டின் அரசியலமைப்பு மன்றம் அம்மூன்றாண்டு நிபந்தனையையும் கடுமையான பத்திர வகையையும் செல்லாதனவாக்கியது. எஞ்சிய பத்திரமுறை 2017ஆம் ஆண்டிலேதான் ஒழிந்தது. வதிவிடமற்றவனுக்கு விலாசம் அளிப்பதென்பது வேறு. அவனைக் கண்காணிக்க விலாசம் சுமத்துவதென்பது வேறு. ஒன்றின் பெயரால் மற்றொன்று நுழைந்துவிடலாம் என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறே சான்று.

அரசின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. நீதிமன்ற அழைப்பாணையை எங்கே சேர்ப்பிப்பது? வரியை எந்த ஊர்க் கணக்கில் வாங்குவது? ஓரிரவு தங்கியவர் அவ்வூரின் ஆட்சியைத் தீர்மானிக்கும் தேர்தலில் வாக்களிப்பது முறையா? தென் டக்கோட்டாவிலேயே 2023ஆம் ஆண்டில், வாக்காளராகப் பதிய 30 நாட்களாவது அங்கு வசித்திருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. இவ்வினாக்களை எள்ளி ஒதுக்கலாகாது. ஆனால் அவற்றுக்கு விடை காண்பதற்கு, மனிதன் உறங்கும் இடத்தையும் அவனைத் தொடர்புகொள்ளத்தக்க இடத்தையும் வேறுவேறாகப் பிரித்து நோக்கவேண்டும். அழைப்பாணைக்கு வேண்டியது நம்பத்தக்க ஓரிடமே. கட்டிலும் கதவும் அல்ல. ஓர் ஊரின் ஆட்சியில் வாக்களிக்க அவ்வூரோடு உறவு வேண்டும் என்பது ஏற்கத்தக்கதே. அதற்காக எந்த ஊரிலுமே வாக்கில்லாத மனிதன் ஒருவனைப் படைப்பது நீதியாகாது.

இவை தொலைதேசத்துச் செய்திகள் என்று நாம் வாளாவிருத்தல் பொருந்தாது. வண்டியில் அலைவோர்க்கு வீடில்லாமையால் விலாசம் இல்லை. நம் மலையகத்திலோ, தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தவர்க்கும் தமக்கெனத் தனி விலாசம் இல்லாதிருந்தது. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதங்கள் தோட்டக் கந்தோரிலே இறங்கும். அங்கிருந்து உரியவர் கையை அடையும் வரை காத்திருக்கவேண்டும். இதுவே பல தோட்டங்களில் நெடுங்காலமாக வழங்கிவந்த முறை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, திகதி கடந்தபின் வந்து சேர்ந்தது என்னும் முறைப்பாட்டை மலையகத்து ஆசிரியரும் மாணவரும் நன்கறிவர். ஆகவே விலாசம் என்பது ஓடிக்கொண்டிருப்பவனுக்கு மட்டும் கிட்டாத பொருளன்று. வேரூன்றி நிற்பவனுக்கும் அது மறுக்கப்படலாம். இரு நிலைகளிலும் குறை மனிதனிடத்தில் இல்லை. அவனை ஏற்கும் ஏற்பாட்டிலேயே உள்ளது.

செய்யத்தக்கது யாது? வீடிருப்பினும் இல்லாவிடினும், விரும்பும் எவரும் ஒரு தபாற் கந்தோரிலோ உள்ளூராட்சி மன்றத்திலோ தம் பெயருக்கு ஒரு விலாசம் பெற்றுக்கொள்ள இயலவேண்டும். அது கட்டணம் கேட்கும் முகவரின் தயவாக இராமல், பொதுச் சேவையாக இருத்தல் வேண்டும். வங்கியும் வைத்தியசாலையும் வாக்காளர் இடாப்பும் அதனைத் தயக்கமின்றி ஏற்றல் வேண்டும். பிரான்சிலே வதிவிடமற்றோர் நகராட்சியின் சமூகநல நிலையத்தையோ அங்கீகாரம் பெற்ற சங்கத்தையோ தம் விலாசமாகக் கொள்ளச் சட்டம் இன்று இடந்தருகின்றது; ஆதலின் இது கற்பனைத் திட்டமன்று. படிவத்திலுள்ள அந்த ஒரு வரி, ஒருவரைத் தேடிக் காண்பதற்குரிய வழியாக இருக்கலாம். அவர் இந்நாட்டவரா, இவ்வுரிமைக்கு உரியவரா என்பதை அளக்கும் கோலாக அது ஒருபோதும் ஆகலாகாது.