குன்றின் மேல் ஏழாவது வீடு



நிலைய அதிகாரி இல்லை, கொடியசைப்பவர் இல்லை, சீட்டு வழங்கும் அறையும் இல்லை. இப்படியும் ஒரு ரயில் நிலையம் நிலைத்திருக்க முடியுமா என்று நீங்கள் வினவலாம். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்திலுள்ள டில்டன் மார்ஷ் என்னும் சிற்றூரின் நிலையம் 85 ஆண்டுகளைக் கடந்தும் அவ்வாறே நிலைத்திருக்கிறது.

வெஸ்ட்பரி, வார்மின்ஸ்டர் ஆகிய ஊர்களை இணைக்கும் இருப்புப் பாதை 1851ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அன்று முதல் ரயில்கள் டில்டன் மார்ஷைக் கடந்து சென்றனவே அன்றி, அங்கு நின்றதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேருந்தும் டிராமும் பயணிகளைக் கவர்ந்து செல்லவே, கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே ஒரு சிக்கன வழியைக் கண்டது. ஊருக்கு அருகில் ஒரு மேடை, ஒரு பெயர்ப் பலகை, ஒரு விளக்கு, அவ்வளவுதான். இவற்றை ‘ஹால்ட்’ என்று அழைத்தனர். அந்த வரிசையில் 1937 ஜூன் மாதம் டில்டன் மார்ஷுக்கும் மரத்தாலான சிறு மேடைகள் கிடைத்தன.

ஊழியரே இல்லாத நிலையத்தில் பயணச் சீட்டை யார் தருவது? அருகில் வசித்த பெண்மணி ஒருவர் அப்பொறுப்பை ஏற்றார். தம் இல்லத்திலிருந்தே சீட்டுகளை விற்று, அதற்குரிய தரகைப் பெற்றுவந்தார். சீட்டு வேண்டுவோர் குன்றின் மேல் ஏழாவது வீட்டுக்குச் செல்க என்று மேடையில் ஓர் அறிவிப்புப் பலகையே இருந்தது! நம் நாட்டு ரயில்வேயிலும் இத்தகைய சிறு நிலையங்களில் தரகின் பேரில் சீட்டு விற்கும் முகவர்கள் உண்டு.

சற்று எண்ணிப் பாருங்கள். மேற்பார்வையாளர் எவரும் நாள்தோறும் வந்து கணக்குப் பார்க்காத ஒரு வீட்டில், பிறருடைய பணமும் சீட்டும் பல்லாண்டுகள் பாதுகாக்கப்பட்டன. அமானிதம் என்று நாம் சொல்வதன் நடைமுறை உருவம் இதுவன்றோ!

1963இல் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் பீச்சிங் தம் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். நட்டத்தைக் குறைக்க 2,363 நிலையங்களை மூடவேண்டும் என்றது அது. நாடெங்கும் எண்ணற்ற சிறு நிலையங்கள் மறைந்தன. டில்டன் மார்ஷ் தப்பிப் பிழைத்தது. அரசவைக் கவிஞராயிருந்த ஜான் பெட்ஜமன், 1974இல் வெளிவந்த தம் தொகுப்பில் இந்த நிலையத்தைப் பற்றி ஒரு கவிதையே பாடினார்.

மர மேடைகள் நலிவுற்றபோது, போகட்டும் என்று கைவிட்டுவிடவில்லை. 1994இல் அவை புதிதாகக் கட்டப்பட்டன. இன்றும் அங்கு ரயில் தானாக நிற்பதில்லை. ஏறுபவர் ஓட்டுநருக்குத் தெரியும்படி கையை நீட்ட வேண்டும்; இறங்குபவர் நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாத், பிரிஸ்டல் போன்ற நகரங்களுக்கு வேலைக்கும் படிப்புக்கும் செல்வோர்க்கு அந்தச் சிறு மேடையே வாசற்படி.

ஊர்ப் பொதுச் சொத்துகள் பல, கவனிக்க ஆளில்லை என்ற ஒரே காரணத்தால் பாழாவதை நாம் காண்கிறோம். நூலகமாகட்டும், பேருந்து நிழற்குடையாகட்டும், ஊதியம் பெறும் காவலர் ஒருவர் வரட்டும் என்று காத்திருக்கிறோம். உங்கள் தெருவிலும் ஓர் ஏழாவது வீடு இருக்கக்கூடும். அது உங்களுடையதாகவே இருக்கலாகாதா?