விரலைப் பார்த்துக் கல்லைப் பதியுங்கள்

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள் விடுமுறைக்கு இலங்கை வந்து திரும்பும்போது, நீலக்கல்லையோ கனகபுஷ்பராகத்தையோ தனிக்கல்லாக வாங்கிச் செல்கிறார்கள். கல்லைத் தேடி இரத்தினபுரிக்கும் பேருவளைக்கும் ஒரு வாரம் அலைவார்கள். அதை எந்த மோதிரத்தில், எப்படிப் பதிப்பது என்று யோசிக்க அரைமணி நேரமும் ஒதுக்கமாட்டார்கள். கல்லின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த அரைமணி நேரம்தான் என்பது என் கருத்து.

மலையகத்தில் வாழும் எங்களுக்கு மாணிக்கக்கல் பெரும்பாலும் ஒரு பொலிஸ் செய்தி. பொகவந்தலாவையில் கெசல்கமுவ ஓயாக் கரையில் அனுமதியின்றி மண்ணைத் தோண்டியவர்கள் கைது என்ற செய்தியை எங்கள் தலைமுறைப் பத்திரிகைக்காரர்கள் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆயினும் சில தோட்டக் குடும்பங்களில், பாட்டி வைத்துவிட்டுப் போன ஒரு சிறு கல் தாளில் மடித்துப் பெட்டியின் அடியில் இருக்கும். அவர்களுக்கு அது அலங்காரப் பொருள் அல்ல. கையிலுள்ள ஒரே சொத்து. உடைந்தாலோ கழன்று விழுந்தாலோ மறுபடி வாங்க வழியில்லை. ஆகவே இது வெறும் அழகு பற்றிய பேச்சல்ல.

முதலாவது, சட்டத்துக்காகக் கல்லைத் தேய்க்க விடாதீர்கள். நமது நாட்டில் கல் வெட்டுபவர்கள் எடை குறையக்கூடாது என்று பார்த்து வெட்டுவார்கள். அதனால் கல்லின் அடிவயிறு ஆழமாகவும், விளிம்பு சீரற்றும் இருக்கும். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் மோதிரச் சட்டங்களோ குறிப்பிட்ட மில்லிமீற்றர் கணக்கில் வார்க்கப்பட்டவை. "கொஞ்சம் தேய்த்தால் உட்கார்ந்துவிடும்" என்பார்கள். மறுத்துவிடுங்கள். பொன்னை உருக்கி மறுபடி செய்யலாம். தேய்த்த கல்லை வளர்க்க முடியாது. கல்லின் அளவெடுத்துக் கையால் சட்டம் செய்யும் பத்தர் இன்னும் இருக்கிறார். கூலி சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

இரண்டாவது, அணியப் போகும் கை எது? 1981இல் இளவரசி டயானாவுக்கு அணிவித்த, 2010இல் கேட் மிடில்டனின் விரலுக்குப் போன மோதிரத்தின் நடுவே இருப்பது 12 கரட் இலங்கை நீலக்கல். சுற்றிலும் 14 வைரங்கள். அதே பாணியில் வேண்டும் என்று கேட்பவர் உலகெங்கும் உண்டு. அந்தக் கை கொழுந்து பறிக்கும் கை அல்ல என்பதை மறந்துவிடுகிறோம். கல்லை உயரத் தூக்கி நான்கு நகங்கள் போன்ற கம்பிகளால் பற்றியிருக்கும் அமைப்பில் ஒளி நன்றாகப் பாயும். ஆனால் சாக்கு நூலிலும் துணியிலும் அந்த நகங்கள் மாட்டிக்கொள்ளும். ஒரு நகம் நிமிர்ந்தால் போதும், கல் போய்விடும். கையால் உழைப்பவருக்குக் கல்லைச் சுற்றிலும் தகட்டு விளிம்பு அணைத்துப் பிடிக்கும் தாழ்ந்த அமைப்பே உகந்தது. மினுக்கம் கொஞ்சம் குறையலாம், கல் நிலைக்கும்.

கல்லின் கடினத்தையும் பார்க்கவேண்டும். மோஸ் அளவுகோலில் வைரம் 10. நீலமும் கனகபுஷ்பராகமும் 9. சந்திரகாந்தக்கல் 6 அளவில்தான் நிற்கிறது. சாதாரணப் புழுதியில் கலந்துள்ள படிகக்கல் துகளின் கடினமோ 7. தினமும் அணிந்தால் புழுதியே சந்திரகாந்தத்தைக் கீறிவிடும். அதற்கு விளிம்புக் காப்பு கட்டாயம். விசேஷங்களுக்கு மட்டும் அணிவது இன்னும் நல்லது.

மூன்றாவது, நம்மவரின் 22 கரட் பிடிவாதம். அடகு வைக்க அதுதான் உதவும் என்ற நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அது மென்மையான பொன். அதில் செய்த மெல்லிய நகங்கள் சீக்கிரம் தேயும், வளையும். நகம் வைத்த மோதிரம்தான் வேண்டுமென்றால் 18 கரட் பொன்னில் செய்யுங்கள். 22 கரட்தான் வேண்டுமென்றால் விளிம்பு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கேட்பதுதான் தவறு.

கல் விரலில் படவேண்டும் என்று சோதிடர் சொல்வதால் பலர் மோதிரத்தின் அடிப்பக்கத்தைத் திறந்து வைக்கிறார்கள். பலனைப் பற்றி எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அடியில் சேரும் சோப்பையும் அழுக்கையும் கழுவ அந்தத் திறப்பு உதவும். கருநீலக் கல்லுக்கு வெளிச்சமும் கொடுக்கும். சோதிடரும் பத்தரும் ஒத்துப்போகும் இடம் இது.

இன்னொன்று, குளிர். எங்கள் பட்டிப்பொல ரயில் நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில் உள்ளது; இலங்கையில் இதைவிட உயரமான ரயில் நிலையம் இல்லை. கொழும்பு செட்டியார் தெருவின் வெயிலில் அளவெடுத்த மோதிரம் இங்கே மார்கழிப் பனியில் விரலில் சுழலும். குளிரில் விரல் சுருங்குவதே காரணம். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை. நீங்கள் வாழும் இடத்தின் குளிரை மனத்தில் வைத்து அளவு கொடுங்கள்.

கல்லை ஒப்படைக்கும் முன் எடை, நீள அகலம், நிறம் மூன்றையும் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். பெறுமதியான கல்லென்றால் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். "கல்லை மாற்றிவிட்டார்" என்ற வீண் பழியிலிருந்து நேர்மையான பத்தரையும் அந்தக் காகிதம் காப்பாற்றும்.

பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் இருந்த கல், நம் கைக்கு வந்த பத்து ஆண்டில் தொலைந்துபோவது கல்லின் குற்றமல்ல. மோதிரம் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதை விட்டு, அணியப் போகிறவர் நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறார் என்று பார்த்துப் பதியுங்கள்.